முதல் கியர் வண்டி: 125ஆ, 160ஆ, 350ஆ? (உயரம் 5 அடி 2, தினமும் 34 கி.மீ.)

நொய்யல்_கரை
வணக்கம். ஸ்கூட்டர் நல்லா ஓட்டுவேன், கியர் வண்டி இதுவரைக்கும் தொட்டதில்லை. உயரம் 5 அடி 2, எடை 52 கிலோ. கோவையில துடியலூர் டு சின்னியம்பாளையம், போக வர 34 கி.மீ., மாசம் 25 நாள். வருஷத்துக்கு ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் வழியா ஊட்டி.

மனசுல இருக்கறது: டிவிஎஸ் ரைடர் 125, ஹோண்டா எஸ்பி 125, அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி, ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350. வீட்ல "ஸ்ப்ளெண்டர் எடு, வேலை முடிஞ்சுது"ங்கறாங்க. பட்ஜெட் ஆன்ரோடு 1.4 லட்சம். வேலைக்கு சுடிதார்லதான் போகணும். லைசன்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் இருக்கு. எதை வச்சு முடிவு பண்றதுன்னு சொல்லுங்க.

பழைய_ஸ்பேனர்
வண்டியை விடுங்க, மொதல்ல லைசன்ஸ். கியர் இல்லாத லைசன்ஸை வச்சு கியர் வண்டி ஓட்டினா லைசன்ஸே இல்லாத மாதிரிதான். அடிபட்டா உங்க வண்டிக்கான கிளெய்மை இன்சூரன்ஸ்காரன் தள்ளிவிட்டுருவான். அரசோட பரிவாகன் சாரதி தளத்துல போய், இருக்கற லைசன்ஸ்லயே 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' வகையைச் சேர்க்க எல்எல்ஆர் (பழகுநர் லைசன்ஸ்) போடுங்க. எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு எட்டு போடப் போகலாம். அதுவரைக்கும் முன்னாடியும் பின்னாடியும் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்கணும். கத்துக்கொடுக்கறவரைத் தவிர வேற யாரையும் பின்னாடி ஏத்தக் கூடாது.

அந்த 30 நாளும் வேற யார் வண்டியிலயாவது பழகுங்க. புது வண்டியை எடுத்துக் கத்துக்க வேண்டாங்க. முதல் மாசத்துல கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், சைலன்சர் கார்டு மூணும் தரையைப் பாக்காம இருக்கறது கஷ்டம்.

நாலாவது_கியர்
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? ஹண்டர் எடுங்க. சீட் உயரம் 790 மி.மீ. தான். எஸ்பி 125ம் அதே 790, அப்பாச்சி 800. அப்படிப் பாத்தா அப்பாச்சியைவிட ஹண்டர் தாழ்வு. 27 என்எம் டார்க் இருக்கறதால ரெண்டாவது கியர்லயே டிராஃபிக்ல உருட்டிக்கிட்டுப் போகலாம், அடிக்கடி ஆஃப் ஆகாது. 125 எடுத்துட்டு ஒரே வருஷத்துல வித்துட்டு 350க்கு மாறுறவங்கதான் நிறைய. ரெண்டு தடவை ஏன் நஷ்டப்படணும்?

மில்லிமீட்டர்
//சீட் உயரம் 790 மி.மீ. தான்//

அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கால் தரையை எட்டுமா என்பதை உயரத்தோடு சேர்த்து வேறு இரண்டும் தீர்மானிக்கின்றன. ஒன்று, சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பது. அகலமான சீட்டில் தொடை வெளியே விரிவதால், அதே 790இல் குதிகால் ஓர் அங்குலம் மேலே நின்றுவிடும். இரண்டாவது, நாம் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பது. 52 கிலோ எடைக்கு அது அதிகம் அமுங்காது. 75 கிலோ ஆள் உட்கார்ந்து "தாழ்வாத்தான் இருக்கு" என்று சொல்வது உங்களுக்குப் பொருந்தாது.

எடைக்கு வருவோம். பெட்ரோல், ஆயில் சேர்த்து ஷைன் 100 வெறும் 99 கிலோ, ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112, எஸ்பி 125 116, ரைடர் 123, அப்பாச்சி 160 4வி 144ஐ ஒட்டி, ஹண்டர் 181, கிளாசிக் 350 195.

நின்றுகொண்டிருக்கும் வண்டி ஒரு பக்கம் 15 டிகிரி சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர், கை பிடிக்கும் ஹேண்டில் ஒரு மீட்டர் என்று எடுத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், மேலும் சாயாமல் தாங்க ரைடருக்குச் சுமார் 16 கிலோ விசை வேண்டும், ஹண்டருக்குச் சுமார் 23. சாயச் சாய இது ஏறும். 52 கிலோ எடையுள்ளவர், ஒரு கால் விரல்நுனி மட்டும் தரையில் பட்டிருக்க, 23 கிலோவைப் பக்கவாட்டில் தாங்குவது எளிதல்ல. ஓடும் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும், அங்கே எடை பெரிதாகத் தெரியாது. புதிதாக ஓட்டுபவர் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே, சிக்னலிலும் யு-டர்னிலும் வீட்டு வாசல் சரிவிலும்தான்.

நாலாவது_கியர்
அப்போ அந்த ஒரு வருஷக் கணக்கு?

மில்லிமீட்டர்
பெட்ரோலையும் சேர்த்துப் போடுங்கள். 34 × 25 = 850 கி.மீ. மாதத்துக்கு. நகர ஓட்டத்தில் 125க்கு லிட்டருக்கு 55, 160க்கு 42, 350க்கு 33 கி.மீ. என்று வைத்தால் முறையே 15.5, 20.2, 25.8 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 125க்கும் 350க்கும் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். வேண்டுமென்றால் ஒரு வருடம் கழித்து 125ஐ விற்கும்போது ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு ஹண்டர் அவர் சொன்ன 1.4 லட்சத்துக்குள் வராது.

நொய்யல்_கரை
சரி, ஹண்டரை அடிச்சுட்டேன். ஷோரூம் போனா என்ன பண்ணிப் பாக்கணும்? அவங்க ஒரு கி.மீ. நேர் ரோட்டுல ஓட்ட விட்டுட்டு "எப்படி மேடம் பிக்கப்பு?"ன்னுதான் கேப்பாங்க.

பழைய_ஸ்பேனர்
ஓட்டறதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சுரும்ங்க. தினமும் போடற செருப்பு, ஷூ எதுவோ அதையே போட்டுட்டுப் போங்க. வண்டியில உக்காந்து இன்ஜினை ஆஃப்லயே வச்சுட்டு இதைச் செய்ங்க:

சைடு ஸ்டாண்டுல சாஞ்சிருக்கற வண்டியை உக்காந்தபடியே நிமித்துங்க. மூச்சைப் பிடிக்காம வந்தா சரி. நியூட்ரல்ல போட்டு உக்காந்தவாக்குல காலால உந்தி பின்னாடி நாலு அடி தள்ளுங்க, லேசா மேடான இடத்துலயும் ஒருக்கா. ரெண்டு காலோட முன்பாதமும் ஒரே நேரத்துல தரையில அழுத்தமாப் படணும். விரல் நுனி மட்டும் பட்டா உந்தறதுக்குப் பிடிமானம் கிடைக்காது. அப்புறம் இறங்கி இடது பக்கமா நின்னு, ஹேண்டிலைப் பிடிச்சு வண்டியைத் தள்ளிக்கிட்டே ஒரு வட்டம் போடுங்க.

சென்டர் ஸ்டாண்டும் போட்டுப் பாருங்க. நிறைய பேர் கையால தூக்கப் பாத்துட்டு முதுகைப் பிடிச்சுக்கறாங்க. இடது கை ஹேண்டில்ல, வலது கை பின்னாடி கிராப் ரெயில்ல. ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையைத் தொடற வரைக்கும் வண்டியை நிமித்துங்க, அப்புறம் உங்க மொத்த எடையையும் வலது கால்ல ஏத்தி ஸ்டாண்டு நாக்கை மிதிங்க. வண்டி தானா பின்னாடி ஏறிக்கும். கை திசையைக் காட்டறதுக்குத்தான்.

ஓட்டும்போது பிக்கப்பைப் பாக்காதீங்க. முதல் கியர்ல ஆக்சிலேட்டரே கொடுக்காம கிளட்ச்சை மெதுவா விட்டு, நடக்கற வேகத்துல ஒரு சின்ன வட்டம். அது ஜெர்க் இல்லாம வந்துட்டா பீளமேடு சிக்னல் வரிசையும் வரும்.

அரை_கிளட்ச்
கியர் அமைப்பையும் கேட்டுட்டுப் போங்க. ஸ்ப்ளெண்டர்ல நாலு கியரும் முன் பக்கம் மிதிச்சே ஏத்தறது, குதிகால் பக்கம் இறக்கறது. அப்பாச்சி மாதிரி வண்டிகள்ல முதல் கியர் கீழே, மத்தது எல்லாம் விரலால மேலே தூக்கறது, நியூட்ரல் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல. டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒரு மாதிரி, வாங்கற வண்டி வேற மாதிரின்னா முதல் ரெண்டு வாரம் கால் பழக்கதோஷத்துல தப்புப் பண்ணும். கியரை ஏத்தறதா நினைச்சு இறக்கிட்டா பின் சக்கரம் இழுத்துப் பிடிக்கும், மழைத் தரையில அது வழுக்கும். முடிஞ்சா வாங்கப் போற வண்டியோட அமைப்பு உள்ளதுலயே பழகுங்க.

டிஸ்க்_டிரம்
யாரும் பிரேக் பத்திப் பேசவே இல்லையே. எனக்கு 125ஆ 160ஆங்கற கேள்வியே இங்கதான் நிக்குது.

2019 ஏப்ரல்ல வந்த விதிப்படி 125 சிசிக்கு மேல விக்கற எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரைக்கும் சிபிஎஸ் போதும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. சிபிஎஸ்ல கால் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஸ்கூட்டர்ல இடது லீவர் பண்றது இதேதான். ஆனா சக்கரம் லாக் ஆகறதை அது தடுக்காது. லாக் ஆகப் போற நொடியில அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கறது ஏபிஎஸ். சிங்கிள் சேனல்னா அது முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் அப்பவும் லாக் ஆகலாம். ஆனா முன் சக்கரம் லாக் ஆனாத்தான் வண்டி சட்டுன்னு கீழ விழும், அதனால ஒண்ணே ஒண்ணு கிடைக்கும்னா முன்னாடி இருக்கறதுதான் சரி.

125லயே ஏபிஎஸ் வேணும்னா ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர்ல சிங்கிள் சேனல் வேரியன்ட் வருது. சீட் 794, எடை 136. உங்க உயரத்துக்கு உக்காந்து பாத்துத்தான் சொல்லணும்.

எது எடுத்தாலும் முன் டிரம் வேரியன்ட் வேண்டாம். வித்தியாசம் சில ஆயிரம்தான். தண்ணியில இறங்கி ஏறினா டிரம் காயற வரைக்கும் பிடி குறையும், டிஸ்க் ஒண்ணு ரெண்டு சுத்துல துடைச்சுக்கும். பின்னாடி டிரம் இருந்தா பரவாயில்லை.

ஸ்கூட்டர்ல இருந்து வர்றவங்களுக்கு ஒண்ணு. பைக்ல இடது கை பிரேக் இல்ல, கிளட்ச். பதற்றத்துல ரெண்டு கையையும் இறுக்குவீங்க. கிளட்ச் பிடிச்சதும் இன்ஜின் இழுவை விட்டுப் போகும், வண்டி இன்னும் வேகமா ஓடற மாதிரி இருக்கும், உடனே வலது கை முன் பிரேக்கை மொத்தமா நசுக்கும். ஹேண்டில் திரும்பியிருந்து, மீடியன் ஓரத்து மண்ணு வேற இருந்தா அவ்வளவுதான். காலியான இடத்துல 30 கி.மீ. வேகத்துல நேரா வந்து, முதல்ல லேசா அழுத்தி முன் ஃபோர்க் இறங்கினதும் அழுத்தத்தைக் கூட்டறதைப் பழகுங்க. 60ல வர்ற வண்டி ரெண்டு பிரேக்கும் சரியாப் பிடிச்சா காஞ்ச தார் ரோட்டுல 20 மீட்டர் கிட்ட நிக்கும், யோசிக்கற ஒரு நொடிக்கு இன்னொரு 17 மீட்டர் தனி. பின் பிரேக்கை மட்டும் மிதிச்சா அந்த 20 ஏறக்குறைய ரெட்டிப்பாகும்.

பழைய_ஸ்பேனர்
160க்கு ஏபிஎஸ் இருக்குதுங்கறது சரிதான். ஆனா கால் எட்டாம தடுமாறற வண்டியில ஏபிஎஸ் இருந்து என்ன பிரயோஜனம்? ரெண்டையும் உக்காந்து பாத்துட்டு வரட்டும்.

டிஸ்க்_டிரம்
எட்டுச்சுன்னா 160ங்கறேன். எட்டலைன்னா உங்க கட்சி.

சுங்கம்_ரவுண்டானா
சுடிதார்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு யாருமே பதில் சொல்லலை. ஷால்தான் பிரச்சனை. பின்னாடி பறந்து செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல போனா கழுத்தைச் சேர்த்து இழுக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகள்ல செயின் முழுக்க மூடின கவருக்குள்ள ஓடும். ஸ்போர்ட்டியா இருக்கற வண்டிகள்ல பெரும்பாலும் மேல் பக்கம் மட்டும் ஒரு பட்டை, கீழ செயின் வெளியே தெரியும். ஷோரூம்ல குனிஞ்சு செயினைப் பாருங்க, கண்ணுக்குத் தெரிஞ்சா துணிக்கும் அது தெரியும். ஷாலை முன்னாடி எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள போட்டு ஜிப்பை ஏத்திருங்க. முடிச்சுப் போட்டு விட்டா அவிழும்.

பேன்ட் கால் லூசா இருந்தா கியர் லீவர்ல மாட்டும். சிக்னல்ல இடது காலைக் கீழ ஊன்றப் போகும்போது துணி லீவர்ல சிக்கிக்கிட்டா கால் கீழ வராது, வண்டி அந்தப் பக்கமே சாயும். சைக்கிள் கிளிப் மாதிரி ஒரு வெல்க்ரோ பட்டை போட்டுக்கங்க.

நொய்யல்_கரை
இது எனக்குத் தோணவே இல்லை, நன்றிங்க. இன்னொண்ணு. அண்ணன் ஒருத்தர் 2019 மாடல் 150 ஒண்ணு 45 ஆயிரத்துக்குத் தர்றேங்கறார். 28,000 கி.மீ. ஓடியிருக்கு. பழசுல கத்துக்கிட்டு அப்புறம் புதுசு எடுத்தா?

பழைய_ஸ்பேனர்
யோசனை நல்லதுங்க, வண்டி நல்லா இருந்தா. "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. போனதும் இன்ஜின் மேல கையை வைங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்கறார்னு அர்த்தம். பச்சைத் தண்ணி மாதிரி இருக்கற இன்ஜின்தான் உண்மையைப் பேசும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்து நிக்காம இருந்தா ஆயில் எரியுது: பிஸ்டன் ரிங் இல்லைன்னா வால்வு சீல். கரும்புகைன்னா பெட்ரோல் அதிகமாப் போகுது, அது பெரும்பாலும் சின்ன வேலை.

அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருத்தரைப் பின்னாடி அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கிக்கங்க. ஹேண்டிலை ஒரு விரலால மெதுவா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புங்க. நடுவுல வரும்போது ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி 'டக்'குன்னு நின்னா கோன் செட் (ஹேண்டில் திரும்பற இடத்து பேரிங்) போச்சு. வண்டி நேரா போகறப்ப அந்தப் பள்ளத்துலயே உக்காந்துக்கும், மெதுவா போனா பேலன்ஸ் வராது. புதுசா ஓட்டறவங்க "எனக்குத்தான் ஓட்டத் தெரியலை"ன்னு நினைச்சுக்குவாங்க. முன் ஃபோர்க் குழாய்ல விரலை ஓட்டுங்க, எண்ணெய் ஒட்டினா சீல் ஒழுகுது. அது டிஸ்க் மேல இறங்கினா பிரேக் பிடிக்காது. பின் சக்கரத்தை ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல ஆட்டுங்க, லொடலொடன்னா ஸ்விங் ஆர்ம் புஷ் இல்லைன்னா பேரிங். ஸ்ப்ராக்கெட் பல்லு சுறா முள்ளு மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சிருந்தா செயின் செட் மொத்தமா மாத்தணும்.

28,000 கி.மீ.ங்கறது நிஜமான்னு ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் கியர் லீவர் ரப்பரும் சொல்லும். மீட்டரைத் திருத்தறவங்க அதை மாத்த மறந்துருவாங்க.

ஃபாரம்_முப்பது
டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2019 டயரே இன்னும் ஓடுகிறதென்றால் பட்டன் (தேயாத மேல்ரப்பர்) எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ரப்பர் கெட்டித்துப்போயிருக்கும்.

காகிதம்: சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதைப் பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். ஆர்சியில் ஹைப்போ (வங்கிக் கடன் குறிப்பு) இருந்தால் வங்கியின் என்ஓசியும், கடன் முடிந்ததற்கான ஃபாரம் 35உம் இல்லாமல் பணம் தராதீர்கள். பெயர் மாற்ற, விற்பவர் ஃபாரம் 29, இருவருமாக ஃபாரம் 30 தர வேண்டும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

புதிதாக எடுத்தால் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் ஆயுள் வரி, ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12. உங்கள் பட்டியலில் சில வேரியன்ட்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40. பழைய கொட்டேஷனை நீட்டினால் வாங்காதீர்கள்.

எழுத்தில் தனித்தனியாகக் கேளுங்கள்: எக்ஸ்ஷோரூம், வரி, பதிவு, இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், பாதி இடத்தில் கேட்டதுமே காணாமல் போகும். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குக் கட்டாயம். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பீட்டை வெளியே விசாரித்து எடுக்கலாம்.

அரை_கிளட்ச்
பட்ஜெட்ல இருந்து ஹெல்மெட்டுக்கு ஒரு தொகையை முதல்லயே எடுத்து வச்சிருங்க. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4151ன்னு இருக்கணும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேல டேப் சுத்தி அளவெடுத்து வாங்குங்க. புதுசுல கன்னத்தை அமுக்கணும், நெத்தியைக் குத்தக் கூடாது. ஸ்ட்ராப் போட்டு, பின் அடியைப் பிடிச்சு முன்னாடி புரட்டினா கழண்டு வரவே கூடாது.

பழகறதுக்கு: ஆக்சிலேட்டரைத் தொடாம, முதல் கியர்ல கிளட்ச்சை மட்டும் விட்டு, வண்டி நகர ஆரம்பிக்கற புள்ளியில விரலை நிறுத்தி 10 மீட்டர் போய் நிக்கணும். இதையே இருபது தடவை. இன்ஜெக்ஷன் வண்டிங்க ஐடிலிங்லயே மெல்ல நகரும். அந்தப் புள்ளி கைக்குப் பிடிபட்டுட்டா வண்டி ஆஃப் ஆகறது நின்னுரும். சிக்னல்ல மட்டும் அதே புள்ளியில பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க. பிளேட் வழுக்கிச் சூடாகி ஒரு கருகின வாடை வரும், அது கிளட்ச் பிளேட்டோட ஆயுசு போற வாடை. நியூட்ரல் போட்டுட்டு நில்லுங்க.

ஊட்டிக்கு 125 தாராளமாப் போகும், ஒரு ஆளுக்கு. இறங்கும்போது ரெண்டாவது, மூணாவது கியர்லயே இன்ஜின் பிடிச்சு இறங்குங்க. நியூட்ரல்ல விட்டா பிரேக் சூடாகிப் பிடி குறையும்.

நொய்யல்_கரை
மூணு ஷோரூம் போயிட்டு வந்தேன். அப்பாச்சியில ரெண்டு காலும் விரல் நுனிதான், சரிவுல பின்னாடி தள்ள முடியலை. எஸ்பியும் ரைடரும் முன்பாதம் நல்லாப் படுது. ரைடர் சீட் 780ங்கறதால இன்னும் கொஞ்சம் தைரியமா இருக்கு. முன் டிஸ்க் வேரியன்ட் கேட்டிருக்கேன். செயின் கவரைக் குனிஞ்சு பாத்தேன், ஷால் இனிமே ஜாக்கெட்டுக்குள்ளதான். அண்ணன் வண்டியில கோன் செட் 'டக்'குன்னுச்சு, அதனால அதைப் பழகறதுக்குக்கூட வாங்கலை. டெலிவரி அன்னைக்கு என்ன பாக்கணும்?

பழைய_ஸ்பேனர்
பணம் கட்டறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பரை வாங்கி எந்த மாசம் தயாரிச்சதுன்னு கேட்டு எழுதிக்கங்க, ஆர்சியிலயும் அதுதான் வரும். ரெண்டு சாவி. டயர்ல காத்து: ஷோரூம் வண்டியில பெரும்பாலும் அதிகமா அடிச்சே வச்சிருப்பாங்க, வண்டியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கச் சொல்லுங்க. முதல் 1,000 கி.மீ. ஒரே வேகத்துல விரட்டாதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க. முதல் சர்வீஸ் புக்ல போட்டிருக்கற கி.மீ., நாள் ரெண்டுல எது முன்னாடி வருதோ அப்ப. செயினை 500 கி.மீ.க்கு ஒருக்கா துடைச்சு செயின் லூப் (மசகு எண்ணெய்) அடிங்க. நடுவுல விரலால தூக்கினா 20 முதல் 30 மி.மீ. ஆடணும்.

கிளட்ச் லீவரை மட்டும் அங்கயே சரி பண்ணிக்கங்க. நுனியில 10 முதல் 20 மி.மீ. சும்மா ஆடி, அப்புறம்தான் கேபிள் இழுக்கணும். உங்க கை சின்னது, 20ஐ ஒட்டி வைக்கச் சொல்லுங்க. லீவரே கொஞ்சம் மேல தூக்கிட்டு இருந்தா, ஹோல்டர் போல்ட்டை லூஸ் பண்ணி, கையை நீட்டினா மணிக்கட்டு நேரா வர்ற மாதிரி கீழ திருப்பித் தருவாங்க. ரெண்டு நிமிஷ வேலை, கேட்டாத்தான் செய்வாங்க.